லென்ஸக்காவின் குறைச் சீட்டு

அந்தத் தையல் ஆலையில் லென்ஸக்காவின் கண்ணில் மண்ணைத் தூவியவர்கள் யாரும் இல்லை. இருபத்திரண்டு வருடமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிற்கத்தான் செய்கிறாள். அந்த மேசைக்கு நாற்காலி கிடையாது. தைத்து முடித்த சட்டைகள் கட்டுக்கட்டாக வரும். காலர், கை, பக்கத் தையல், கீழ் மடிப்பு என்று விரல் ஓடிக்கொண்டே இருக்கும். நூல் பிசிறு, கடுகளவு கறை என்றால் மஞ்சள் ஸ்டிக்கர். தையல் பிரிந்திருந்தாலோ, ஒரு கை வெளிர் நீலமும் மறு கை அடர் நீலமுமாக இருந்தாலோ சிவப்பு. மஞ்சள் ஒட்டினால் அந்தச் சட்டை மட்டும் திரும்பிப் போகும். சிவப்பு ஒட்டினால் கட்டு மொத்தமும் திரும்பும், லைன் நிற்கும், சூப்பர்வைசர் ஓடி வருவார்.

ஒவ்வொரு குறைக்கும் ஒரு சீட்டு எழுத வேண்டும். சீட்டில் நான்கு கட்டம்: நேரம், குறை, நிறம், தைத்தவர் எண். நான்காவது கட்டத்தைக் காலியாக விட்டு அவள் ஒரு சீட்டும் கொடுத்ததில்லை. "குறைன்னு ஒண்ணு இருந்தா, அதைத் தைச்ச கைன்னு ஒண்ணு இருக்கும்ல? சட்டை தானா கிழிச்சுக்குமா?" என்பாள்.

அந்தக் கண்ணை ஆலையிலேயே கழற்றி வைத்துவிட்டு வர முடியுமா? வீட்டுக்கும் கூடவே வந்தது. டப்பா மூடி கோணலாக இருந்தால் யார் திறந்தது, மகன் போனைக் கவிழ்த்து வைத்தால் யார் கூப்பிட்டது, சோப்பு சீக்கிரம் கரைந்தால் யார் இரண்டு தரம் குளித்தது. மகனுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். மருமகள் கூரியர் ஆபீசில் கவுண்டரில் இருக்கிறாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. யார் பார்சல் கொண்டுவந்தாலும் "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்பாள். புத்தகம் என்று சொன்னால் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பாள். ஒரே கூரைக்குக் கீழே இப்படி இரண்டு பேர். வேன் ஓட்டும் மகன், வீட்டுக்குள் நுழையும்போதே வாயைப் பூட்டிச் சாவியைச் செருப்போடு வாசலில் விட்டுவிடுவான்.

அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட தட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, அவ ஆபீஸ் பக்கத்துல ஒரு வீடு பார்த்திருக்கோம். சும்மா பார்த்தோம், அவ்வளவுதான்" என்றான்.

"சும்மா யாராவது வீடு பார்ப்பாங்களாடா?"

மருமகள் தண்ணீர் கொண்டுவருவதுபோல் எழுந்து போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை, செக்கிங் டேபிளில் நாற்பதாவது சட்டையைத் திருப்பியபோது, லென்ஸக்காவின் நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு விட்டுப்போனது. அடுத்த துடிப்பு குத்தினாற்போல் விழுந்தது. பிறகு எல்லாம் ஒழுங்காக ஓடியது. அவள் கையை நெஞ்சில் வைத்தாள். விட்ட தையல் என்று நினைத்தாள். மெஷின் ஒரு இடத்தில் நூலைப் பிடிக்காமல் தாண்டி, அடுத்த இடத்தில் இறுக்கிக் குத்தும். அதேதான். மதியத்துக்குள் எட்டு தரம் வந்தது.

அந்த வாரம் வந்த துணியில் பஞ்சுத் தூசி அதிகம். லைனே தும்மிக்கொண்டிருந்தது. லென்ஸக்காவும் ஆலை வாசலுக்கு எதிரிலுள்ள மருந்துக்கடையில் ஜலதோஷ மாத்திரை வாங்கி, காலையும் மதியமும் போட்டுக்கொண்டு, வேலையைப் பார்த்தாள். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அவளே கேட்டு, அவளே வாங்கி, அவளே தண்ணீர் ஊற்றி விழுங்கியது. சந்தேகப்பட வேண்டியது வேறு ஒன்று இருந்தது. காலையில் மருமகள் ஃபிளாஸ்கில் ஊற்றிக் கொடுக்கும் டீ.

பழைய குறைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் அதே நான்கு கட்டங்களைப் போட்டுக்கொண்டாள். பத்தே முக்கால். ஒரு தையல் விட்டது. மஞ்சள். நான்காவது கட்டத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது. வீட்டில் யாருக்கும் எண் கிடையாது. ஆகவே கொடுத்தாள்: மகன் ஒன்று, மருமகள் இரண்டு. தனக்கு எண் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. செக்கர் தைப்பதில்லையே. கட்டத்தில் 2 என்று எழுதினாள்.

ஒருநாள் டீயைக் குடிக்காமல் சிங்கில் கொட்டிவிட்டுப் பார்த்தாள். அன்றும் நெஞ்சு ஆறு தரம் தாண்டியது. நேற்றைய டீ இன்னும் உள்ளே இருக்கும் என்று முடிவு கட்டி, அதற்கும் 2 போட்டாள்.

மூன்றாவது வாரம் வந்தது வேறு ரகம். மதியச் சாப்பாடு முடிந்து ஆலையின் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். சுவிட்சைத் தட்டினாற்போல் நெஞ்சு ஓடத் தொடங்கியது. இது விட்ட தையல் இல்லை. பெடலில் கால் மாட்டிக்கொண்டு எடுக்க முடியாத மெஷின். தொண்டைக்குழி வரை அதிர்ந்தது. கண் ஓரங்களில் இருட்டு சுருண்டு வந்தது. கைப்பிடியைப் பிடித்துப் படியிலேயே உட்கார்ந்தாள். மூன்று நிமிடமோ நான்கோ, யாரோ சுவிட்சை அணைத்தாற்போல் நின்றுவிட்டது.

"என்னக்கா, படிக்கட்டையும் செக் பண்றீங்களா?" என்று கேட்டுக்கொண்டே காஜா மெஷின்காரி தாண்டிப் போனாள்.

"ஆமா. மூணாவது படி பள்ளம்" என்றாள் லென்ஸக்கா.

மேசைக்குப் போனதும் சீட்டை எடுத்தாள். நேரம் எழுதினாள். "வேகம்" என்று எழுதினாள். நிறம் என்ற கட்டம் வந்தது. இருட்டிக்கொண்டு வந்தது மஞ்சள் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு முன்னால் அந்த மேசையில் நின்றவளையும் தெரியும். ஒருநாள் மயங்கி விழுந்தாள். மறுநாளே நூல் வெட்டும் பிரிவில் உட்கார வைத்துவிட்டார்கள். "உடம்பு சரியாகற வரைக்கும்" என்றுதான் சொன்னார்கள். இன்னும் அங்கேதான், கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். லென்ஸக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் சிவப்பு ஒட்ட வேண்டிய இடத்தில் மஞ்சள் ஒட்டியதில்லை. அன்று ஒட்டினாள். அடுத்த இரண்டு வாரத்தில் இன்னும் இரண்டு தரம் ஒட்டினாள்.

வீட்டில் மருமகளும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். அத்தை அடிக்கடி நெஞ்சில் கை வைக்கிறார். எப்போதிலிருந்து? வீட்டுப் பேச்சு எடுத்த இரண்டாம் நாளிலிருந்து. அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் வைக்கிறார். ஒரு சனிக்கிழமை காலை நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

"அத்தை, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. இந்தப் படபடப்பு எங்க வீட்டு விஷயம் பேசினாத்தான் வருமா, இல்ல, தனியாவும் வருமா?"

"என்னடி கேள்வி இது? நான் நடிக்கறேன்னு சொல்றியா?"

"நான் அப்படிச் சொல்லல."

"குலுக்கிப் பார்க்கறியா? நான் என்ன பார்சலா?"

"பார்சல்னா கூட உள்ள என்ன இருக்குன்னு எழுதிக் குடுப்பாங்க. நீங்க அதுவும் சொல்ல மாட்டேங்கறீங்க. வாங்க, டாக்டர்கிட்ட போவோம். இருந்தா இருக்கு, இல்லன்னா இல்லன்னு தெரிஞ்சுடும்ல?"

மகன் செருப்பைத் தேடப் போனான்.

லென்ஸக்கா ஒப்புக்கொண்டாள். டாக்டர் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் டீயில் இருப்பது தெரிந்துவிடும். மருமகளும் அதே உற்சாகத்தோடுதான் புறப்பட்டாள். இருவரும் ஆட்டோவின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்து போனார்கள். நடுவில் இன்னொருவர் தாராளமாக உட்காரலாம்.

டாக்டர் அவசரப்படாத அம்மாள். மேசையைக் காட்டி, "அது எப்படி அடிக்குதுன்னு விரலால தட்டிக் காட்டுங்க" என்றாள்.

இப்படி யாரும் கேட்பார்கள் என்று லென்ஸக்கா நினைக்கவில்லை. தட்டினாள். டக், டக், டக், இடைவெளி, டொக். டக், டக்.

"எப்பெல்லாம் வருது?"

இதற்காகவே காத்திருந்தவள்போல் பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்து நீட்டினாள். டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "இவ்வளவு சுத்தமா எழுதிட்டு வந்த பேஷன்ட்டை நான் பார்த்ததே இல்ல. அது சரி, இந்தக் கடைசிக் கட்டம் என்ன? எல்லாத்துலயும் ரெண்டுன்னு இருக்கே?"

"அது... தைச்சவங்க நம்பர்."

"யாரு?"

"வீட்டு நம்பர். ஒண்ணு என் பையன்."

"அப்ப ரெண்டு?" என்று கேட்டது டாக்டர் இல்லை, மருமகள். மருமகளின் முகத்தில் கோபம் வர வேண்டிய இடத்தில், முதலில் ஒரு வியப்புதான் வந்தது. இத்தனை நாள் தன் கவுண்டரைத் தாண்டி இப்படி ஒரு பார்சல் போயிருக்கிறதே என்று.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் பேச்சை மாற்றினாள்.

"எதுவும் இல்லை" என்று சொல்லி முடிப்பதற்குள் லென்ஸக்காவுக்கு அடுக்கடுக்காக மூன்று தும்மல். பழக்கத்தில் கை பைக்குள் போய் மாத்திரை அட்டையோடு வெளியே வந்தது.

டாக்டர் அதை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் படித்தாள். "எத்தனை நாளா?"

"தூசி லாட் வந்ததுலேர்ந்து. இது வெறும் ஜலதோஷ மாத்திரைதானே?"

"மூக்கடைப்புக்குன்னு இதுல சேர்த்திருக்கற மருந்து சில பேருக்கு நெஞ்சைப் படபடக்க வைக்கும். இதை யாரு கொடுத்தா?"

"நானேதான் வாங்கினேன்."

"அப்ப இதுக்கு என்ன நம்பர்?"

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

இ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் நீளக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இதுல நல்லாத்தான் இருக்கு. இடையில ஒரு துடிப்பு தாண்டற மாதிரி தெரியறது நிறைய பேருக்கு வரும். பயம், தூக்கக் குறைவு, காபி, டீ, இந்த மாதிரி மாத்திரை, எது வேணா காரணமா இருக்கலாம். பெரும்பாலும் ஆபத்து இல்ல. மாத்திரையை நிறுத்துங்க. ரத்த சோகை, தைராய்டு ரெண்டுக்கும் ஒரு டெஸ்ட் எழுதறேன். மயக்கம், கண் இருட்டறது, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், அப்படி ஏதாவது இருந்ததா?" என்றாள்.

"ஒண்ணும் இல்லை" என்றாள் லென்ஸக்கா.

"அவ்வளவுதானே டாக்டர்? உள்ள ஒண்ணும் இல்லையே?" என்று மருமகள் எழுந்துவிட்டாள். அந்த "ஒண்ணும் இல்லை"யில் ஒரு வெற்றிக் கொடி பறந்தது. வாடகை வீட்டின் சாவி ஏற்கனவே அவள் கையில் இருப்பதுபோல் இருந்தது.

லென்ஸக்கா எழுந்திருக்கவில்லை. இப்போது எழுந்து போனால் நடிப்பு என்று முத்திரை விழும். வாயைத் திறந்தால் மேசை போய்விடும், கத்தரிக்கோல் வரும். இரண்டுக்கும் நடுவில் அவள் கண் அந்த நீளக் காகிதத்தில் போய் நின்றது. கண் தன் வேலையைப் பார்த்தது.

"டாக்டர், இந்த மெஷின் எவ்வளவு நேரம் பார்த்துச்சு?"

"பத்து நொடி."

"ஒரு நாள்ல எத்தனை நொடி இருக்கு? பத்தை மட்டும் பார்த்துட்டு மொத்த லாட்டையும் பாஸ் பண்ணிட்டீங்களா? நான் அப்படிப் பண்ணினா என் சூப்பர்வைசர் என் தோலை உரிச்சிடுவாரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. "நியாயமான கேள்வி. ஆனா இவ்வளவு சந்தேகப்படறவங்க சும்மா சந்தேகப்பட மாட்டாங்க. வேற ஏதோ இருக்கு. இந்த மூணு சீட்டுல 'வேகம்'னு எழுதியிருக்கீங்க. அதையும் தட்டிக் காட்டுங்க."

லென்ஸக்கா விரலை மேசையில் வைத்தாள். தட்டத் தொடங்கினாள். விரல் போதவில்லை. நான்கு விரலாலும் தட்டினாள், மேசையிலிருந்த பேனா உருண்டது. மருமகள் நின்ற இடத்திலேயே திரும்பிப் பார்த்தாள்.

"இது திடீர்னு ஆரம்பிச்சு, திடீர்னு நிக்குதா? அப்ப கண் இருட்டுதா?"

"மஞ்சள்தான் போட்டேன்" என்றாள் லென்ஸக்கா. "ஆனா அது மஞ்சள் இல்ல."

"அத்தை நிஜமாத்தான் சொல்றீங்களா?" என்றாள் மருமகள். சந்தேகம் இன்னும் போகவில்லை. கொஞ்சம் இடம் மாறியிருந்தது.

டாக்டர் ஒரு சின்னப் பெட்டியை எழுதிக் கொடுத்தாள். நெஞ்சில் வில்லைகள் ஒட்டி, பெட்டியை இடுப்பில் மாட்டி, இரண்டு நாள் ஒவ்வொரு துடிப்பையும் பதிவு செய்வது. "இது நூத்துக்கு நூறு செக்கிங். வரும்போது இந்தப் பட்டனை அழுத்துங்க, நேரத்தை எழுதுங்க, உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்ல. ஓட ஆரம்பிச்சா உடனே உட்காரணும். மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ, இல்ல, நிக்காம ஓடிட்டே இருந்தாலோ காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி." மருமகளைக் கூப்பிட்டு, மணிக்கட்டில் நாடி எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினாள்.

பெட்டி மாட்டிய இரண்டாம் நாள் விடுமுறை. "வீட்டை நீங்களும் ஒருதரம் பார்த்துடுங்க அத்தை. அப்புறம் கண்ணை மூடிட்டு எடுத்துட்டோம்னு சொல்லக் கூடாது" என்றாள் மருமகள். லென்ஸக்காவும் விடவில்லை. மூன்றாவது மாடி. நிறுத்தி நிறுத்தி ஏறினாள். ஒன்றும் ஆகவில்லை. உள்ளே போனதும் வேலையில் இறங்கிவிட்டாள். கதவுத் தாழ்ப்பாள் ஆட்டம். குளியலறை ஓடு இரண்டு விரிசல். குழாயைத் திறந்தாள், தண்ணீர் பீறிட்டு வந்து புடவையை நனைத்தது. அதில் குறை சொல்ல முடியவில்லை. சிங்குக்குக் கீழே கசிவு இருக்குமோ என்று குனிந்து எட்டிப் பார்த்து, நிமிர்ந்தாள்.

பெடலில் கால் மாட்டிக்கொண்டது.

"அத்தை? இங்கயுமா?" என்று மருமகள் இடுப்பில் கை வைத்தாள். "அதெப்படி சரியா இந்த வீட்டுல..."

லென்ஸக்கா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். இடுப்பில் பட்டனைத் தேடிய விரல் வழுக்கியது. மருமகள் குனிந்து பட்டனை அழுத்தினாள். பிறகு, குலுக்கிப் பார்க்கும் அதே பழக்கத்தில், மணிக்கட்டில் விரலை வைத்தாள்.

அவள் முகம் மாறியதை லென்ஸக்கா அந்த இருட்டுக்குள்ளிருந்தும் பார்த்தாள்.

"எண்ண முடியல அத்தை" என்றாள். "எண்ணவே முடியல. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஓடுது."

ஐந்து நிமிடத்தில் நின்றுவிட்டது. லென்ஸக்கா வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "நின்னுடுச்சு, வா வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

"கண் இருட்டிச்சா, இல்லையா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா என்ன நிறம்?"

லென்ஸக்கா பையைத் திறந்து சிவப்பு ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். ஒன்றை உரித்துச் சீட்டில் ஒட்டினாள். அது கோணலாக நின்றது. மருமகள் புருஷனுக்குப் போன் போட்டு, "வேனை எடுத்துட்டு வாங்க. ஆஸ்பத்திரிக்கு. இல்ல, இப்பவே" என்றாள்.

பெட்டியில் எல்லாம் இருந்தது. நிமிடத்துக்கு நூற்றுத் தொண்ணூறு. இதயத்துக்குள் மின்சாரம் ஓட ஒரு வழி போதும். லென்ஸக்காவுக்குக் கூடுதலாக இன்னொரு வழி இருக்கிறது, அதில் சில சமயம் மின்சாரம் சுற்றிச் சுற்றி ஓடுகிறது என்று டாக்டர் படம் வரைந்து காட்டினாள். மாத்திரை தூண்டியிருக்கலாம், ஆனால் உண்டாக்கியது அது இல்லை. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய வயர் விட்டு அந்த வழியை அடைத்துவிடலாம், பெரும்பாலானவர்களுக்கு அதோடு தீர்ந்துவிடும் என்று சொல்லித் தேதி கொடுத்தாள்.

"இது எப்ப வந்தது டாக்டர்?"

"பிறக்கும்போதே இருந்தது."

"யாரால?"

"யாராலயும் இல்லம்மா."

லென்ஸக்காவுக்கு அந்தப் பதில் திருப்தியாக இல்லை.

மறுநாள் அவளே சூப்பர்வைசரிடம் போய் டாக்டர் காகிதத்தையும் சிவப்புச் சீட்டையும் நீட்டினாள். அவர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "நாலாவது கட்டம் காலியா இருக்கேக்கா. மறந்துட்டீங்களா?"

"மறக்கல. அங்க எழுத ஆள் இல்ல."

தேதி வரும்வரை நூல் வெட்டும் பிரிவில் உட்காரச் சொன்னார். "உடம்பு சரியாகற வரைக்கும்தான்" என்றார். அந்த வார்த்தையை அவள் நம்பவில்லை. திரும்பி வரும் தேதியைக் கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொண்டுதான் கத்தரிக்கோலைத் தொட்டாள்.

அன்று மாலை மருமகள் டீ கொண்டுவந்து வைத்தாள். வழக்கத்தைவிட வெளிறியிருந்தது.

"பாதி தூள்தான் போட்டேன். குடிச்சுட்டு நம்பர் போட்டுக்குங்க" என்றாள்.

"சர்க்கரையும் பாதியா?"

"அது மறந்துட்டேன்." வாசல்வரை போனவள் நின்று, "அந்த வீடு வேணாம்னு சொல்லிட்டோம். ரெண்டு தெரு தள்ளி, கீழ் வீடா ஒண்ணு பார்த்திருக்கோம். மூணாவது மாடிக்குத் தண்ணி ஏறல, அதான்" என்றாள்.

லென்ஸக்கா டம்ளரைக் கையில் எடுத்தாள். அன்று நனைந்த புடவை கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. மருமகளின் முகத்தைக் காலரிலிருந்து கீழ் மடிப்புவரை பார்ப்பதுபோல் ஒருதரம் பார்த்தாள். பிறகு கண்ணை டீயின் பக்கம் திருப்பி, "ஆமாமா, நானும் பார்த்தேன். சொட்டுச் சொட்டாத்தான் வந்தது" என்றாள்.